மயானத்திற் கண்ட மன்னன்

நாடகத்தைப் படித்தல் வேறு, பார்த்தல் வேறு. இவ்வுண்மையை யான் உணர்ந்தது மாணவப் பருவத்தில் ஓரிரவு, கோயில் வீதியிலே ‘அரிச்சந்திர மயான காண்டம்’ நடிக்கக் கண்ட பொழுதேயாம். கதை எமக்குப் புதியதன்று. முடிவு தெரிந்த கதைக்காக உறக்கத்தை இழப்பதேன் என்னும் எண்ணத்துடனேயே நண்பர் சிலரோடு மணலில் அமர்ந்தேன்.

இசை நாடகம் தமிழகக் குழுக்களின் வழியே ஈழத்தில் வேரூன்றியது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அம்மரபின் பேராசானாவர். யாழ்ப்பாணத்தில் அரிச்சந்திரன் என்றவுடன் நினைவில் எழுபவர் காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அவர்கள். யான் கண்டது அவர் மறைந்த பின்னர், அவர் வழியைத் தழுவிய ஒரு குழுவினரின் ஆட்டமாகும்.

சந்திரமதியாக ஆடவர் ஒருவர் தோன்றியதும் யாம் நகைத்தோம். குரலின் கரகரப்பும், தோளின் அகலமும் எமக்கு வேடிக்கையாயின. அரவந் தீண்டி மாண்ட லோகிதாசனை மடியிற் கிடத்தி அவர் புலம்பத் தொடங்கியபோது, நகைப்பு எவ்விடத்தில் நின்றதென்பதை யாரும் அறிந்திலோம். துயருற்ற தாய் இராகம் தாளத்தோடு பாடுவாளோ என வினவுதல் எளிது. ஆயின், ஒரு கணத்தில் நிகழும் இழப்பை உள்ளம் அறிய நெடும்பொழுது வேண்டும். அப்பொழுதைத் தருவதே இசையின் தொழில் என்பது அன்று புலனாயிற்று.

சுடலை காக்கும் அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் கேட்கின்றான். அவளிடம் யாதுமில்லை. ‘உன் கழுத்திலுள்ள தாலியை விற்றுக் கொடு’ என்கின்றான். அத்தாலி கணவன் ஒருவனுக்கன்றிப் பிறர் கண்ணுக்குப் புலப்படாதது என்பது கதை. கண்ணுக்குத் தோன்றாத பொருளை மேடையிற் காட்டுவது எங்ஙனம்? நடிகர் கழுத்தில் தாலி அணியப்படவில்லை. அரிச்சந்திரன் அவ்வெறுங்கழுத்தை நோக்கிய நோக்கிலேயே யாம் அதனைக் கண்டோம்.

இருவரும் ஒருவரையொருவர் அறிந்த பின்னரும் அவன் கூலியை விடுகின்றானில்லை. முன்னர் உச்சத் தாயியிற் பாடிக் கேட்டதையே இப்பொழுது பாடாது, பேச்சாக, தலைகுனிந்து கேட்டார் அந்நடிகர். ஆர்மோனியமும் அடங்கிற்று. பாட்டு மிகுந்த நாடகத்திற் பாட்டு நின்ற அவ்விடமே உச்சமாயிற்று.

தொல்காப்பியர் அழுகைக்கு நிலைக்களனாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினைக் கூறுவர். பிறரால் இகழப்படுதல், மகனை இழத்தல், பண்டைய உயர்நிலை கெடுதல், கொடுக்க யாதுமின்மை ஆகிய நான்கும் இம்மயானத்தில் ஒருங்கே கூடுகின்றன. எனினும், அவலத்தோடு நாடகம் முடிவதில்லை. மனைவியின்மீதே வாள் ஓங்கும் நிலையிலும் வாய்மை பிறழாத அவன் உறுதி, அழுகையைப் பெருமிதமாக மாற்றுகின்றது.

குறைகளும் இல்லாமலில்லை. நகைச்சுவைக் காட்சி அளவிறந்து நீண்டது. நடிகர் ஒலிவாங்கியை விட்டகல அஞ்சி ஓரிடத்திலேயே நின்றமையால் மேடையின் பெரும்பகுதி வறிதே கிடந்தது. கடவுளர் தோன்றி மகனை எழுப்பிய இறுதிக் காட்சி அவசரமாக முடிந்தது. ஆயினும் அதனை யான் குறையெனக் கொள்ளேன். வாள் ஓங்கிய போதே நாடகம் நிறைவெய்திவிட்டது.

பின்னாளில் அறிந்த ஒன்று அவ்விரவின் பொருளை ஆழமாக்கியது. இக்கலையைப் போற்றி வளர்த்தோரிற் பலர், சாதியின் பெயரால் ஆலயத்துள் விடப்படாதிருந்த சமூகங்களைச் சேர்ந்தோர். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தமை யாவரும் அறிந்ததே. கோயிலினுள்ளே இடமின்றி வீதியிலே ஆடியோர், மன்னனொருவன் சுடலையில் அடிமையாகி நின்ற கதையைத் தம் குரலாற் பாடினர். அப்பாட்டிலே கதைக்கு அப்பாற்பட்ட உண்மையொன்று ஒலித்திருத்தல் வேண்டும். அதனைக் கேட்டு உருகிய ஊர், தன்னை நோக்கித் தான் ஏன் வினவவில்லை?

அன்று நகைத்தவருள் யானும் ஒருவன். நாடகத்தை மதிப்பிடச் சென்ற மாணவனை நாடகம் மதிப்பிட்டு அனுப்பிற்று. நல்ல கலையின் முன் நிற்போர்க்கு நேர்வது இதுவேயாகும்.