சுத்தமான தேநீர், யாருடைய கிண்ணம்?

ஆர்கானிக் என்று முத்திரை குத்திய ஜப்பான் பச்சைத் தேயிலை நம்ம ஊர்ப் பெரிய கடைகள்வரை வந்துவிட்டது. ரசாயன உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை, உடம்புக்கு நல்லது, மனசுக்கு அமைதி என்கிறார்கள். இந்தப் பேச்சு முழுக்க 'சுத்தம்' என்ற ஒரே சொல்லைச் சுற்றித்தான் ஓடுகிறது. சேரியில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல் புதுசில்லை. நம்மை ஊருக்கு வெளியே நிறுத்திவைத்ததே இந்தச் சொல்தான். எனவே யார் சுத்தம் விற்றாலும் நாம் கேட்டாக வேண்டும்: எதிலிருந்து சுத்தம்? யாரிடமிருந்து சுத்தம்?

ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்கு நான்கு சொற்களை இலக்கணமாகச் சொல்வார்கள்: இசைவு, மரியாதை, தூய்மை, அமைதி. 16ஆம் நூற்றாண்டில் அதற்கு எளிய வடிவம் தந்தவர் சென் நோ ரிக்யூ. அவருடைய தேநீர்க் குடிலுக்குக் குனிந்து ஊர்ந்து நுழையும் சின்ன வாசல். சாமுராயாக இருந்தாலும் வாளை வெளியே வைத்துவிட்டுத்தான் வரணும். கெட்டித் தேநீரை ஒரே கிண்ணத்தில் கலக்கித் தருவார்கள். ஒருவர் குடித்து, விளிம்பைத் துடைத்து, அடுத்தவரிடம் நீட்டுவார். அழகியல்வாதிகளுக்கு இதில் ஜென் தெரிகிறது. எனக்கு இரட்டை டம்ளர் தெரிகிறது. நம் டீக்கடைகளில் நமக்கென்று தனி டம்ளர் வைத்தார்கள், கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள், குடித்ததை நாமே கழுவிக் கவிழ்க்கச் சொன்னார்கள். போராடிய பிறகு காகிதக் கப் வந்தது. எல்லாருக்கும் அதுவென்றால் சரி. நமக்கு மட்டும் என்றால் அதுவும் தனி டம்ளர்தான்.

அதற்காக ஜப்பானைத் தலைமேல் தூக்கிவைக்கவில்லை. தோல் வேலை செய்தவர்களை அங்கேயும் ஒதுக்கித்தான் வைத்தார்கள். 1871இல் அரசாணை அந்தப் பிரிவை ஒழித்தது, ஒதுக்கல் ஒழியவில்லை. புராகுமின் மக்கள் 1922இல் சுயிஹெய்ஷா என்ற சமத்துவ அமைப்பைக் கட்டிப் போராட வேண்டியிருந்தது. குடிலுக்குள் இருந்த ஒரே கிண்ணம் தெருவுக்கு வரவில்லை.

ஒககுரா காகுசோ 1906இல் தேநீர் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம்தான் மேல்நாட்டுக்காரர்களுக்கு இந்த அழகைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பி.எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' எழுதினார். அதைத்தான் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். ஒககுரா கிண்ணத்தைப் பார்த்தார். டேனியல் கொழுந்துக் கூடையைப் பார்த்தார். எங்கள் சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கம், பட்டுத் தறி ஓடுகிற சீமை. நெய்கிறவர்கள் வேறு, உடுத்துகிறவர்கள் வேறு என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேயிலையிலும் அதே கணக்குதான்.

மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அங்குள்ள ஊத்து எஸ்டேட் ஆர்கானிக் தேயிலைக்குப் பெயர்போனது. அந்தத் தொழிலாளிகளின் கூலி உயர்வுக்காகவும், கைதானவர்களின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். தாமிரபரணிக் கரையில் போலீஸ் அடித்து விரட்டியதில் 17 உயிர்கள் போயின. 2024இல் 'விருப்ப ஓய்வு' என்று சொல்லி மிச்சமிருந்தவர்களையும் மலையிறங்கச் சொன்னது நிறுவனம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்களுக்கு இறங்கிப் போக எந்த ஊர்? யாருடைய விருப்பம் அது?

ஜப்பானின் 'ஜாஸ்' ஆர்கானிக் முத்திரை, தேயிலை பறிப்பதற்கு முன் மூன்று வருஷமாவது தடைசெய்த மருந்து மண்ணில் படாமல் இருந்ததா என்று பார்க்கும். பறித்தவளின் கூலியைப் பார்க்காது. மண்ணுக்குச் சான்றிதழ் உண்டு, மனுசிக்கு இல்லை.

ரசாயனம் இல்லாத விவசாயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தில் மருந்தடிக்கும்போது விஷம் முதலில் போவது அடிக்கிறவன் மூச்சுக்குள்தான், அவன் நம் ஆள். ஆகவே இந்தக் கோரிக்கையை உரக்கக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான், குடிக்கிறவர் உடம்புக்கு முன்னால் பறிக்கிறவள் உடம்புக்காக. அந்த நான்கு சொற்களில் வியாபாரம் தூய்மையையும் அமைதியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மரியாதையை விட்டுவிட்டது. நமக்கு வேண்டியது அதுதான்: கூலியில், குடியிருப்பில், டீக்கடை டம்ளரில்.