‘ஏனையவை’ என்னும் பெட்டி: ஒலியிழை பிரிப்பும் யாழ்ப்பாணத்துப் பெரியமேள இசையும்

பழைய ஒலிப்பதிவொன்றிலிருந்து ஒரு சிறு பகுதியைத் துணித்தெடுத்து, அதனையே மூலப்பொருளாகக் கொண்டு புதிய இசையை ஆக்குதல் இன்று உலகெங்கணும் நிலைபெற்றுவிட்ட ஒரு முறையாகும். துணித்தெடுக்கப்படுவதைச் ‘சாம்பிள்’ என்பர். நாம் ஒலித்துணுக்கு என்போம். கலந்து பதிவாகிய ஒலியைக் குரல் வேறு, தாளக்கருவி வேறு எனப் பிரித்துத் தரும் மென்பொருள்கள் அண்மைக் காலத்தில் இம்முறைக்குத் துணையாக வந்துள்ளன. பிரிந்து வரும் ஒவ்வொரு கூற்றையும் ‘ஸ்ரெம்’ என்று வழங்குவர்; அது இங்கு இழை எனப்படும். இக்கருவிகள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் இசைமரபோடு, சிறப்பாகப் பெரியமேளத்தோடு, எவ்வளவிற்குப் பொருந்துகின்றன, பொருந்தாவிடத்து நாம் கைக்கொள்ள வேண்டிய நெறி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஓர் உடனடித் தேவை உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. 1995இல் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஏடுகளும் நூல்களும் அழிந்தமை பற்றி நாம் பலகாற் பேசியுள்ளோம். வீடுகளிற் பேணப்பட்ட ஒலிநாடாக்கள் அழிந்தமை பற்றி அத்துணை பேசியதில்லை. எஞ்சியவை பெரும்பாலும் கோயில் வீதியிலும் திருமணப் பந்தரிலும் ஒற்றை ஒலிவாங்கியாற் பதியப்பட்டவை. அவற்றை எடுத்தாள விரும்பும் இளைய இசையமைப்பாளனுக்கு இழைபிரிப்பு ஒரு வரமாகவே தோன்றும்.

அவ்வாறு தோன்றுதற்குக் காரணமும் உண்டு. 2019இல் பிரான்சிய நிறுவனமான டீசர் ‘ஸ்பிளீற்றர்’ என்னும் மென்பொருளை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது. அவ்வாண்டிலேயே பேஸ்புக் நிறுவன ஆய்வாளரின் ‘டெமுக்ஸ்’ வெளிவந்தது. ஜோன் லெனன் 1970களின் பிற்பகுதியில் வீட்டில் ஒலிநாடாவிற் பதிந்த பாட்டொன்றில் அவர் குரலைப் பியானோவினின்றும் பிரித்தெடுத்து, 2023இல் பீற்றில்ஸ் குழுவின் புதிய பாடலாக வெளியிட்டனர். மங்கிய நாடா ஒன்றிலிருந்து மறைந்த கலைஞனின் குரல் தெளிந்து வந்தமையை உலகம் வியந்தது. அவ்வாறாயின் எமது தவிலும் நாகசுரமும் தெளிந்து வாராவோ என்ற வினா எழுதல் இயல்பே.

விடைகாணுமுன் இக்கருவி செய்வது யாதென அறிதல் வேண்டும். ஸ்பிளீற்றர் போன்றவை ஒலியைக் காலமும் அதிர்வெண்ணும் இரு பக்கமாக அமைந்த ஒரு படமாக மாற்றி, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் குரலுக்குரிய பங்கு எவ்வளவு, ஏனைய கருவிகளுக்குரியது எவ்வளவு எனக் கணிக்கின்றன. டெமுக்ஸ் ஒலியலையினை நேரடியாகவே ஆக்கித் தருகின்றது. எம்முறையாயினும் கிடைப்பது மீட்கப்பட்ட குரலன்று. குரல் இவ்வாறு இருந்திருக்கும் என்னும் ஊகமே. ஊகமோ கற்ற பாடத்தைப் பொறுத்தது. இத்துறையிற் பெரிதும் பயன்படும் ‘மியூஸ்டிபி 18’ என்னும் தொகுதி 150 பாடல்களைக் கொண்டது. அவற்றின் மொத்த நேரம் ஏறத்தாழ 10 மணி. அவை பெரும்பாலும் மேலைத்தேயப் பொப், றொக் வகையின. அவற்றின் இழைகள் நான்கு: குரல், ‘ட்ரம்ஸ்’, ‘பேஸ்’, ஏனையவை.

‘ஏனையவை’ என்னும் இச்சொல்லே எமது கவனத்திற்குரியது. பெரியமேளத்திற் குரலில்லை, பேஸ் கித்தார் இல்லை. நாகசுரம், தவில், ஒத்து, தாளம் என்பவற்றாலாயது அது. இவ்விசையின் தலைமைக் கருவியாகிய நாகசுரத்துக்கு அந்நான்கு பெட்டிகளில் உரிய இடம் ‘ஏனையவை’ ஒன்றே. கமகத்தால் வளைந்தும் நெளிந்தும் செல்லும் அதன் நாதம் மனிதக் குரலை ஒத்திருத்தலின், ஒரே ஆலாபனை ஒருகாற் குரற்பெட்டியிலும் ஒருகால் ஏனையவற்றிலும் மாறி விழக்கூடும். தவிலின் நிலையும் இத்தகையதே. வலந்தலை விரற்கூடுகளாலும் இடந்தலை கழியாலும் முழக்கப்படுவன. இடந்தலையின் தாழ்ந்த ஒலி பேஸ் பெட்டிக்கும், வலந்தலையின் கூரிய சொற்கள் ட்ரம்ஸ் பெட்டிக்கும் பிரிந்து செல்லுமாயின் வியப்பதற்கில்லை. ஒரு கலைஞனின் இரு கைகளை இரு வேறு கருவிகளாகக் கொள்ளும் பிரிப்பு அது.

இதற்கு மாறாக, 1970களிற் பரவிய ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல்களை நோக்குக. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ முதலியவை கித்தாரையும் பைலாத் தாளத்தையும் தழுவியவை. அவற்றை இம்மென்பொருள்கள் பெருஞ்சிக்கலின்றிப் பிரிக்கத் தக்கன. ஒரே குடாநாட்டு மக்கள் கேட்டு மகிழ்ந்த இரு இசைவகைகளுள் ஒன்று எளிதிற் பிரிய, மற்றொன்று சிதைகின்றது. ஆகவே இக்கருவியை நடுநிலையானது எனல் பொருந்தாது. எவ்விசை பயனுடைய மூலப்பொருள், எது ஒதுக்கற்பாலது என்னும் மதிப்பீடு, அதனை ஆக்கியோர் கருதாமலே, அதனுட் பொதிந்து கிடக்கின்றது.

கூடுதலான பதிவுகளைக் கற்பித்தால் இக்குறை நீங்கும் எனலாம். அது ஓரளவு உண்மையே. டெமுக்ஸின் பிந்திய வடிவமொன்று கித்தாரையும் பியானோவையும் தனி இழைகளாகச் சேர்த்துக்கொண்டது. பார்சலோனாவிலுள்ள பொம்பேயு பாப்ரா பல்கலைக்கழகத்தார் கருநாடக இசைக் கச்சேரிகளைக் கருவிதோறும் தனித்தடமாகப் பதிந்த ‘சராகா’ என்னும் தொகுதியை ஆக்கியுள்ளனர். ஆயின், மேடையில் அருகமர்ந்து வாசித்தலின் ஒருவரது ஒலி மற்றவரது ஒலிவாங்கியிற் கசிந்துள்ளமை அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடாகும். பொறியியலார் ‘கசிவு’ எனக் குறையாகக் காண்பது எமது அழகியலில் உயிர்நிலையானது. அளவெட்டியில் வாழ்ந்து 1975இல் மறைந்த தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தியின் வாசிப்பை எண்ணுக. அம்சன்குமார் இயக்கிய அவர் பற்றிய ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது. அவர் முழக்கியவற்றைப் போலவே அவர் விட்ட இடைவெளிகளும் நாகசுரக்காரரின் மூச்சுக்கு விடையாக அமைந்தவை. நாகசுரத்தை நீக்கிய தவிலிழையில் அவ்விடைவெளிகள் வெறும் மௌனமாகிவிடும். வினாவை அழித்து விடையை மட்டும் அச்சிட்டது போலாகும்.

யாழ்ப்பாணத்திற் குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியைக் கழித்த மாயா அருள்பிரகாசம் (எம். ஐ. ஏ.) 2007இல் வெளியிட்ட ‘கலா’ இவ்விடத்து ஒப்புநோக்கத் தக்கது. ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாடலிலிருந்து அவர் துணுக்கு எடுத்தாண்டார். சென்னையில் உறுமிக் கலைஞரை நேரில் வாசிக்கச் செய்தும் பதிந்தார். அக்காலத்திற் பிரிப்பு எளிதன்று. எனவே துணுக்கு தன் சூழலையும் உடன்கொண்டு வந்தது. தனி முழவொலி வேண்டியபோது கலைஞனை நாட வேண்டியிருந்தது. இன்றைய வசதி இவ்விரு கட்டாயங்களையும் நீக்கிவிட்டது. முதலாவது நீங்கியதால் மணியோசையும் ‘அரோகரா’ முழக்கமும் இரைச்சலெனக் கழிகின்றன. இரண்டாவது நீங்கியதால் வாழும் தவிற் கலைஞனுக்கு வரவேண்டிய அழைப்புக் குறைகின்றது.

ஆயினும் பிரித்தலே தகாது என்பாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. பிரித்தறிதல் யாழ்ப்பாணப் புலமைக்குப் புதியதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது சிதைந்த ஏடுகளிலிருந்து மூலத்தையும் உரையையும் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. நல்ல பதிப்பாசிரியன் ஏட்டை எறிவதில்லை, பாடபேதத்தை மறைப்பதில்லை, தான் ஊகித்ததை மூலமென்று கூறுவதுமில்லை. ஒலித்துணுக்கினை ஆள்வோனும் ஒருவகைப் பதிப்பாசிரியனே.

இந்நெறியைத் தொழின்முறையிற் பொருத்துமிடத்துச் சில கூறலாம். முதலாவதாக, நாடாவைச் சுருக்கமற்ற கோப்பாக மாற்றி, எவ்வகைத் துப்புரவும் செய்யாத மூலப்படியைத் தனியே பேணுதல் வேண்டும். இரண்டாவதாக, துணித்தபின் பிரித்தலினும் உருப்படி முழுவதையும் பிரித்தபின் துணித்தல் நன்று. முன்பின் உள்ள ஒலி ஊகத்துக்கு உதவும். மூன்றாவதாக, நான்கு இழைகளையும் செவிமடுத்து, தவிலின் இடந்தலை எப்பெட்டியில் வீழ்ந்துளது எனக் கண்டு, சிதறியவற்றை மீளச் சேர்த்தல் வேண்டும். நான்காவதாக, கணினியின் கட்டங்களுக்கேற்பக் காலப்பிரமாணத்தை இழுத்து நேராக்கலாகாது. சமத்தை நோக்கி வரும் தீர்மானத்தை நாலு மாத்திரையில் வெட்டிச் சுழலவிடின் அது என்றும் வந்துசேராத பயணமாகும். ஆவர்த்தனத்தை அறிந்து வெட்டுதல் வேண்டும். இறுதியாக, வாசித்தவர் பெயர், இடம், பிரித்த மென்பொருள் ஆகியவற்றை வெளியீட்டிற் குறித்தல் வேண்டும்.

இறுதியிற் கூறியதைச் சட்டம் நமக்காகச் செய்யாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வாசிப்போருக்கு அளிக்கும் காப்பு, வாசித்த ஆண்டை அடுத்து 50 ஆண்டுகளுக்கே உரியது. 1974 வரை இந்நாட்டில் நிகழ்ந்த வாசிப்புகளுக்கு அவ்வெல்லை கடந்துவிட்டது. தட்சிணாமூர்த்தியின் தலைமுறையினரது கை இன்று எவரும் கேளாமலே எடுக்கத் தக்கதாகியுள்ளது. சமூகத்தில் இக்கலைஞர் எய்திய மதிப்பு மேடையில் ஒருவிதமாகவும் வீதியில் வேறுவிதமாகவும் இருந்தமை நாம் அறிந்ததே. ஒலியைக் கொண்டாடிப் பெயரை விடுத்தல் அவ்வநீதியின் புதிய வடிவமாகும்.

மியூஸ்டிபி 18 தொகுதியின் 10 மணி நேரத்தை மீண்டும் நினைவுகூர்வோம். 25 நாள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாவொன்றில் முழங்கும் பெரியமேளம் அதனினும் மிகும். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழக வழிவந்த இசைக்கல்வி மரபும், திருநெல்வேலியிற் பல்கலைக்கழகமும் உள்ளன. கலைஞருக்கு உரிய ஊதியமளித்து, அவர் இசைவுடன், சேர்ந்து வாசித்ததைச் சேர்த்தும் தனித்து வாசித்ததைத் தனித்தும் பதிந்து ஒரு தொகுதி ஆக்குதல் எமது ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. அது நிறைவேறினால் நாகசுரத்துக்கும் தவிலுக்கும் அவற்றின் பெயராலேயே இழைகள் அமையும். அதுவரை அவை ‘ஏனையவை’யாகவே கணிக்கப்படும்.