ஞானஸ்நானமும் பிசாசின் பிடியும்

தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர் எவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. கைக்குழந்தை இரவெல்லாம் வீறிட்டு அழுமாயின், ‘காற்றுக் கருப்பு அண்டிவிட்டது’ என்பர். வேப்பிலை ஒடித்து வரச் செய்வர். மந்திரிப்பவரை அழைத்துத் திருநீறு போட்டு, இடுப்பிலே கறுப்புக் கயிறு ஒன்றைக் கட்டிவிடுவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் பல இடிபட்டு, குடிகள் ஈப்போவின் புறநகர் வீடுகளுக்குப் பெயர்ந்து போன பின்னரும் அக்கயிறு மட்டும் அறுபடவில்லை. இதில் வியப்பு யாதெனின், ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் இடுப்பிலும் அதே கயிற்றைக் காணலாம் என்பதே. பிசாசை வெறுத்துவிட்டோம் என்று அக்குழந்தையின் பொருட்டுப் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் சபை நடுவே நின்று உறுதி சொல்லி ஒரு மாதமும் கடந்திராது. அதற்குள் கயிறு வந்துவிடும்.

நம் சீர்திருத்த அன்பர்கள் இதனை ‘ஒரு மூடநம்பிக்கையின் மேல் மற்றொரு மூடநம்பிக்கை’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவர். 1929-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்து, ஈப்போவில் கூடிய தமிழர் மகாநாட்டிற் பேசிய நாள் தொட்டு அவ்வகை வாதம் நம்மிடையே செல்வாக்குடையது. எனக்கும் அது பெரும்பாலும் உடன்பாடானதே. ஆயினும், படிக்காமலே ஒதுக்கிய நூலை விமரிசித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது நியாயமன்று. ஆகவே ஞானஸ்நானம் பிசாசின் ஆளுகையினின்று மனிதனை மீட்கிறது என்னும் கொள்கையை மிக அழுத்தமாக எழுதிவைத்த மார்ட்டின் லுத்தரின் நூல்களை எடுத்துப் படிக்கலானேன். ஆங்கிலக் கல்வியால் எனக்கு விளைந்த நன்மை ஒன்று உண்டெனின், ஜெர்மானிய ஆசிரியனை ஆங்கிலச் சாளரத்தின் வழியாகவேனும் எட்டிப் பார்க்கக் கிடைத்த வசதியே அது.

லுத்தர் இப்பொருள் பற்றி எழுதியவற்றுள் இரண்டு நூல்கள் முதன்மையானவை. ஒன்று 1523-இல் வெளியிட்டு 1526-இல் சுருக்கித் திருத்திய ஞானஸ்நான முறைப் புத்தகம். மற்றொன்று 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம். முதற் பதிப்பில் பழைய இலத்தீன் சடங்குகள் ஏறக்குறைய எல்லாம் இருந்தன. குரு குழந்தையின் முகத்தில் ஊதி, அசுத்த ஆவியை வெளியேறச் சொல்வார், வாயில் உப்பு வைப்பார், எச்சில் தொட்டுக் காதிலும் மூக்கிலும் இடுவார், எண்ணெய் பூசுவார். நம் ஊர் மந்திரிப்பவர் இதைப் படித்தால், தம் தொழிலைப் பிறர் களவாடிவிட்டனர் என்று வழக்கிடக் கூடும்! மூன்றாண்டு கழித்து வந்த பதிப்பிலோ ஊதலும் உப்பும் எச்சிலும் எண்ணெயும் நீக்கப்பட்டன. ஆனால் ஆவியை விலகச் சொல்லும் கட்டளையை லுத்தர் நீக்கவில்லை. நோவாவின் காலத்துப் பெருவெள்ளத்தையும், பார்வோனும் அவன் சேனையும் செங்கடலில் அமிழ்ந்ததையும் நினைவூட்டும் ஜெபத்தையும் நிறுத்தி வைத்தார். எதனைக் கழித்தார், எதனைக் கழிக்கவில்லை என்பதிலேதான் அவர் கருத்து விளங்குகிறது.

பார்வோன் என்ற பெயரே இங்குத் திறவுகோல். பேய் பிடித்தவன் ஒருவனைப் பற்றிய கதையன்று அது. கூலியின்றிச் செங்கல் அறுத்த ஓர் அடிமைக் கூட்டத்தின் கதை. லுத்தர் கண்ட பிசாசு, புளியமரத்தில் தங்கி வழிப்போக்கரை அறையும் ஆவியன்று. அவன் ஓர் அரசன். மனிதர்மேல் ஆட்சி நடத்தும் எசமான். சிறிய ஞானோபதேசத்தின் விசுவாசப் பிரமாணப் பகுதியில் லுத்தர் காட்டும் சித்திரமும் இதுவே. பாவம், மரணம், பிசாசு என்னும் மூன்று வல்லமைகளிடமிருந்து மனிதன் விலைகொடுத்து வாங்கப்பட்டு வேறோர் ஆண்டவனுக்கு உரிமையாகிறான் என்கிறார். அவ்விலை பொன்னும் வெள்ளியும் அன்று என்றும் சொல்கிறார். தமிழிலே ‘மீட்பு’ என்னும் சொல் இதற்கு எவ்வளவு பொருத்தமானது! நகையை அடகுக் கடையில் வைத்து, வட்டி கட்டி, மீட்டெடுத்த அனுபவம் இல்லாத தோட்டக் குடும்பம் உண்டோ? பேயோட்டும்போது பேய் மனிதனுக்கு உள்ளே இருக்கிறது, அதனை வெளியேற்றுகிறோம். மீட்கும்போதோ மனிதன் பிறன் கைக்குள் இருக்கிறான், அவனையே வெளிக்கொணர்கிறோம். இவ்விரண்டும் ஒன்றாகா.

ஆனால் லுத்தரே இவ்விரண்டையும் கலந்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். கிரேக்க மூலத்தில் ‘தியாபொலோஸ்’ என்பது குற்றஞ்சாட்டும் தலைவனைக் குறிக்கும். ‘தைமோனியோன்’ என்பது ஆளைப் பிடிக்கும் சிற்றாவியைக் குறிக்கும். லுத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு இரண்டிற்கும் ஒரே சொல்லைப் பெரிதும் வழங்கிற்று. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமமும் அவ்வாறே செய்தது. தமிழ் வேதாகமமும் இரண்டையும் ‘பிசாசு’ என்றே எழுதிற்று. ஜெர்மானியனுக்கு அது சிறு பிழை; தமிழனுக்குப் பெரும் பிழை. ஏனெனில் நம் மொழியில் பேயும் பிசாசும் முழுத் தீமையின் பெயர்கள் அல்ல. தரங்கம்பாடிக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள காரைக்காலில் பிறந்த அம்மையார் தம்மையே காரைக்காற் பேய் என்று பாடினார். முதலாழ்வார் மூவருள் ஒருவர் பேயாழ்வார். அச்சந்தரும் ஆவி வேறு, அன்பின் வெறி வேறு என்று நாம் பகுத்தறிந்து கொண்டாலும், இரண்டிற்கும் ஒரே சொல்லை வழங்கி வந்த சமுதாயம் இது. இச்சொல்லிலே ஓர் அரசனுடைய கொடுங்கோலைக் கேட்பவன் எவன்? புளியமரம்தான் நினைவுக்கு வரும். புளியமரம் நினைவுக்கு வந்தால் கயிறும் வரும்.

இன்னொரு சொல்லும் நம்மைத் திசை திருப்பிற்று. ‘ஞானஸ்நானம்’ என்பது கத்தோலிக்கர் காலத்திலேயே வேரூன்றிய பெயர். 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1713-இல் அங்கே அச்சிட்ட தமிழ்ச் சிறுநூலில் நம் வழிபாடுகளை ‘அக்கியானம்’ என்று கண்டித்தார். அக்கியானத்துக்கு மருந்து ஞானம். ஆதலால் ஞானத்தின் நீராட்டு. கேட்க அழகாயிருக்கிறது. எனினும் லுத்தரின் கொள்கைக்கு இது நேர்மாறு. அறியாமையைப் போக்குவதாயின் அறியும் பருவம் வந்தவர்க்கன்றோ நீராட்டல் வேண்டும்? ஒன்றும் அறியாத சிசுவுக்கே ஞானஸ்நானம் தகும் என்று லுத்தர் வாதிட்டதன் காரணம், அடிமைக்கு வேண்டுவது பாடமன்று, மீட்பு என்பதே. சோதனை வந்துற்ற வேளையில் ‘நான் ஞானஸ்நானம் பெற்றவன்’ என்று சொல்லி எதிர்த்து நில் என்று பெரிய ஞானோபதேசத்தில் அவர் போதித்ததும் அக்கருத்துப் பற்றியே. நான் அறிந்தவன் என்று சொல்லச் சொல்லவில்லை. இன்னாருக்கு உரியவன் என்று சொல்லச் சொன்னார்.

இக்கொள்கையை ஜெர்மானியப் பாமரர் எப்படிப் புரிந்துகொண்டனர் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1591-இல் சாக்சனி நாட்டு மந்திரி நிக்கோலஸ் கிரெல் ஞானஸ்நானத்திலே ஆவியை விரட்டும் பகுதியை எடுத்துவிடச் செய்தார். டிரெஸ்டன் நகரத்துக் கசாப்புக்காரர் ஒருவர் கையில் வெட்டுக்கத்தியுடன் கோயிலுக்கு வந்து, தம் மகளுக்குப் பிசாசை ஓட்டாமல் நீராட்டினால் போதகரின் மண்டை பிளக்கும் என்று நின்றாராம். கற்ற ஜெர்மானியருக்கு அது வெறும் அடையாளம். கசாப்புக்காரருக்கோ மகளின் உயிர். அவ்வாண்டே இளவரசர் இறந்தார். நீக்கிய பகுதி மீண்டும் சேர்ந்தது. பல்லாண்டு சிறையிலிருந்த கிரெல் 1601-இல் தலை வெட்டுண்டார். தரங்கம்பாடியை ஆண்ட டென்மார்க்கிலே 1783-இல்தான் அப்பகுதி ஒழிக்கப்பட்டது. ஆகவே நம் லயத்துத் தாய்மாரை மட்டும் அறிவிலிகள் என்று நகைப்பவர்கள் அந்தக் கத்தியைச் சற்று நினைத்துக்கொள்வார்களாக.

இனி என் மனத்தைக் குடைந்த கேள்விக்கு வருகிறேன். 1707-ஆம் ஆண்டு மே மாதத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதன்முதல் ஞானஸ்நானம் கொடுத்த ஐவரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். பிசாசென்னும் எசமானனிடமிருந்து அவர்கள் அன்று மீட்கப்பட்டனர். வீட்டு எசமானனிடமிருந்து? நீராட்டு அதனைச் செய்யவில்லை; செய்யும் என்று சொல்லப்படவும் இல்லை. பார்வோன் அமிழ்ந்த கதையை மையமாகக் கொண்ட ஒரு கொள்கை, உண்மையான அடிமையின் முன் நின்றபோது ஏன் வாய் மூடிற்று?

விடையை லுத்தரிடமே காணலாம். 1525-இல் சுவாபிய நாட்டுக் குடியானவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை வெளியிட்டனர். கிறிஸ்து எங்களையும் தம் இரத்தத்தால் மீட்டார், ஆதலால் நாங்கள் பண்ணையாருக்கு அடிமைகளாயிருப்பது தகாது என்பது மூன்றாவது கோரிக்கையின் சாரம். லுத்தரின் உபதேசத்தைக் குடியானவர்கள் பிழையறப் படித்தனர் என்றே எனக்குப் படுகிறது. அவரோ சினந்தார். இது கிறிஸ்தவ சுதந்தரத்தை மாம்ச சுதந்தரமாக்குவது என்றார். ஆபிரகாமும் அடிமைகள் வைத்திருந்தாரே என்றார். அவ்வாண்டிலேயே எழுதிய மற்றொரு கடுமையான சிறுநூலில், ஞானஸ்நானம் உடலையும் உடைமையையும் விடுவிப்பதன்று, ஆத்துமாவையே விடுவிப்பது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

ஒரு பெரிய எழுத்தாளன் தன் உவமைக்கே அஞ்சிப் பின்வாங்கிய இடம் இது. விலை, எசமான், ஆட்சி, விடுதலை என்ற சொற்களையெல்லாம் பண்ணையிலிருந்தும் சந்தையிலிருந்தும் எடுத்துக்கொண்டு, அவை எடுக்கப்பட்ட பண்ணைக்கே அவற்றைத் திருப்பித் தர மறுத்தார். அவர் மீது மரியாதை எனக்கு உண்டு. சிறிய ஞானோபதேசத்தைப் போலச் சில பக்கங்களில் இவ்வளவு பொருளை எளிய நடையில் அடக்கிய நூல் அரிது. ஆயினும் இந்த மறுப்பை நான் மன்னிக்க இயலவில்லை.

ஜெர்மனியில் பண்ணையாரைக் காத்த அத்தீர்ப்பு தமிழ்நாட்டில் சாதியைக் காத்தது. தரங்கம்பாடிக் கோயிலிலே வேளாளரும் பறையரும் தனித்தனியே அமர்ந்தனர். முதல் தமிழ்க் குருவாக 1733-இல் அபிஷேகம் பெற்ற ஆரோன் வேளாளர். பறையர் குலத்தில் தோன்றிய இராசநாயக்கன் உபதேசியாராய் நெடுங்காலம் உழைத்தார். ஆனால் அவர் கையால் இராப்போசனம் பெற வேளாளர் இசையார் என்று கருதி அவருக்குக் குருப்பட்டம் அளிக்கவில்லை. 1833-இல் ஆங்கிலேயச் சபையின் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று கடிதம் எழுதியபோது எழுந்த எதிர்ப்பை யாவரும் அறிவர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெரும்புலவர், சாதி உலக வழக்கேயன்றிச் சமயக் குற்றமன்று என்னும் கட்சியில் நின்றார். பின்னர் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷனும் சாதியை உலக வழக்கென்றே பொறுத்துக்கொண்டமையால், ஆங்கிலேயச் சபையை விட்டுப் பலர் அதனிடம் போய்ச் சேர்ந்தனர். உடலை விடுவிப்பதன்று, ஆத்துமாவை விடுவிப்பது என்ற 1525-இன் வாக்கு, காவிரிக் கரையிலே உட்காரும் பாயாக விரிக்கப்பட்டது!

வில்சன் செய்தது சரி என்று சொல்வேன். செய்த விதம் சரியன்று. மேலதிகாரியின் சுற்றறிக்கையால் சாதி ஒழியுமாயின், தோட்டங்களிலே எத்தனையோ நற்செயல்கள் என்றோ நடந்திருக்கும்! கிராணி வேலை பார்க்கும் நான் சுற்றறிக்கைகளின் கதியை நன்கறிவேன். அவர் கையிலே அதனினும் வலிய கருவி ஒன்று இருந்தது. பிசாசின் கிரியைகளை வெறுக்கிறாயா என்று ஒவ்வொரு ஞானஸ்நானத்திலும் கேட்கப்படுகிறது. அக்கிரியைகள் எவை என்று எவரும் பெயர் சொல்வதில்லை. பெயர் சொல்லாத இடத்திலே ஒருவன் காட்டேரியை வைத்துக்கொள்கிறான், ஒருவன் கள்ளை வைத்துக்கொள்கிறான், அண்டை வீட்டுக்காரன் வணங்கும் முனியாண்டியை வைத்துக்கொள்பவரும் உண்டு. சாதியை அங்கே வைப்பவர் அரியர்.

கப்பலேறி மலாயாவுக்கு வந்த தமிழரோடு சபைகளும் வந்தன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தமிழ் லுத்தரர் 1924-இல் கட்டிய சீயோன் ஆலயம் இன்றும் நிற்கிறது. பேராக்கிலோ கிறிஸ்தவத் தமிழர் பெரும்பாலும் கத்தோலிக்கர், மெதடிஸ்டு சபையார், லுத்தரர் சிலரே. எனினும் பிசாசை வெறுக்கும் கேள்வி எல்லாச் சபைகளிலும் ஏதேனும் ஒரு வடிவில் உள்ளது. கங்காணியிடம் பட்ட கடனாலே கட்டுண்டு, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிய மக்களின் பேரப்பிள்ளைகள் அக்கேள்விக்கு விடை சொல்கிறார்கள். எசமான் மாறும் சித்திரத்தை அவர்களுக்கு விளக்க அகராதி வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. விருந்தின்போது பாட்டியம்மாள் என்னைத் தனியே அழைத்து, கறுப்புக் கயிற்றை நான் கண்டுவிட்டேனோ என்று வெட்கத்துடன் கேட்டார். கண்டேன் என்றேன். ‘ஐயருக்குச் சொல்லிவிடாதே தம்பி, பிள்ளை ராத்திரியில் பயப்படுது’ என்றார். அதே கூடத்திலே, குழந்தையின் மாமன் ஞானத்தகப்பனைத் தேடி ஈப்போவிலும் தைப்பிங்கிலும் அலைந்த வரலாற்றை எல்லாருக்கும் உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். சபையிலே தகுந்தவர் பலர் இருந்தும் ‘நம்ம ஆளுங்க’ கிடைக்கவில்லையாம்; கடைசியில் கிடைத்துவிட்டதாம். அதைச் சொல்வதில் அவருக்கு வெட்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. ஐயரும் பக்கத்தில் அமர்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.