குற்றமும் தண்டனையும்: ஒரு வணிகன் பார்வை

ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) நாவலை மனசாட்சியின் கதை என்பார்கள். கடை வைத்துப் பிழைத்த என் கண்ணில் முதலில் பட்டது அதிலுள்ள கணக்குதான். அடகுக்காரி அல்யோனா ரூபிளுக்கு மாதம் 10 கோபெக் வட்டி வாங்குகிறாள். நூற்றுக்குப் பத்து, அதுவும் முன்பிடித்தம். மாணவன் ரஸ்கோல்னிகவ் தந்தையின் கடிகாரத்தை நீட்டி 4 ரூபிள் கேட்கிறான். ஒன்றரைதான் என்கிறாள். பழைய அடகுக்கு 20, இதற்கு 15 கோபெக் வட்டி கழித்துக் கைக்கு வருவது 1 ரூபிள் 15 கோபெக். வறுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1865-இல் 'குடிகாரர்கள்' என்று தனிக்கதை எழுத எண்ணியிருந்தார் ஆசிரியர். அந்தச் சரக்குதான் இங்கே மர்மெலதவ் ஆயிற்று. மனைவியின் காலுறையைக்கூட விற்றுக் குடித்தவர்; குடும்பத்துக்காக மஞ்சள் சீட்டு வாங்கிய மகள் சோனியாவிடமே கடைசி 30 கோபெக்கை வாங்கிக் குடிக்கிறார். ஆசிரியர் அவரைத் திட்டவும் இல்லை, பரிந்து மழுப்பவும் இல்லை.

ஆனால் என் மனத்தில் நிற்பவன் பெயின்டர் மிகோல்காதான். கொலைகாரன் தவறவிட்ட பொன்தோடு அவன் கையில் கிடைக்கிறது. ஒரு ரூபிளுக்கு அதை வைத்துக் குடிக்கிறான். கொலைச் செய்தி கேட்டதும் தூக்கில் தொங்கப் பார்க்கிறான். ஏனப்பா என்றால், பழி தன் தலையில் விழுமே என்ற பயம். பிறகு செய்யாத கொலையைச் செய்ததாக ஒப்புக்கொள்கிறான். கோவலனுக்குச் சிலம்பு, இவனுக்குத் தோடு.

இங்கேதான் ஆசிரியரோடு எனக்கு வழக்கு. விசாரணை அதிகாரி போர்ஃபிரி சொல்லும் விளக்கம், அவன் பக்திமான், துன்பத்தை ஏற்க விரும்பினான் என்பது. அப்படியானால் முன்பு ஏன் அந்தப் பயம்? ஏழையின் அச்சத்துக்குப் பக்தி என்று பெயர் மாற்றியதும் காவல்துறை தப்பித்துக்கொள்கிறது. இரண்டு பெண்களைக் கொன்ற படித்தவனுக்கோ, தானே வந்து ஒப்புக்கொண்டதும் நண்பன் முதலானோரின் நற்சாட்சியும் சேர்ந்து 8 ஆண்டுச் சிறையோடு போயிற்று. சைபீரியாவில் அவனுக்கு மறுவாழ்வும் உண்டு. மிகோல்கா முடிவுரையில் வழக்கைக் குழப்பியவனாக மட்டும் வந்து போகிறான்.

ரியாசான் பக்கத்துக் கிராமத்திலிருந்து பீட்டர்ஸ்பர்குக்குக் கூலிவேலைக்கு வந்தவன் அவன். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு அவன் அந்நியனா? நாவலை ரஸ்கோல்னிகவ் பக்கம் நின்றுதான் எல்லோரும் படிக்கிறோம். பிள்ளைகளிடம் கொடுக்கும்போது, மிகோல்கா பக்கம் நின்றும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.