ஓர் அங்குல விதியும் ஒரு வண்ண அட்டவணையும்

வண்ண மீன் வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர், தொட்டியுடன் இரண்டு அறிவுரைகளையும் பெற்று வருகிறார். ஒன்று, ‘ஒரு கேலன் நீருக்கு ஓர் அங்குல மீன்’ என்னும் விதி. மற்றொன்று, எந்த மீனோடு எந்த மீன் சேரும் என்று பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்களில் காட்டும் அட்டவணை. வழிகாட்டி நூல்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இவை திரும்பத் திரும்ப அச்சாகின்றன. இவற்றை நம்பலாமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்கேள்வி எனக்கு ஏட்டில் எழுந்ததன்று. என் வீட்டுத் தொட்டி 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உடையது. அதில் 10 நியான் டெட்ரா, 2 ஏஞ்சல், 3 டைகர் பார்ப் மீன்களை ஒரே நாளில் விட்டேன். அங்குலக் கூட்டல் பதினெட்டைத் தாண்டவில்லை. அட்டவணையில் ஏஞ்சலுக்கும் நியானுக்கும் பச்சை. ஏஞ்சலுக்கும் பார்ப்புக்கும் மஞ்சள். முதல் வாரத்திலேயே நான்கு நியான்கள் இறந்தன. அடுத்த மாதத்தில் ஏஞ்சல்களின் நீண்ட துடுப்புகளைப் பார்ப்புகள் கடித்துக் கந்தலாக்கின. ஆறு மாதம் கழித்து, வளர்ந்துவிட்ட ஏஞ்சல்கள் எஞ்சிய நியான்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டன. விதியை நான் மீறவில்லை. ஆயினும் தொட்டி பாழாயிற்று.

முதலில் விதியை எடுத்துக்கொள்வோம். அதன் அலகே தெளிவாக இல்லை. என் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் 108 லிட்டர். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். ஒரு கணக்கில் 28 அங்குல மீன் விடலாம்; மறு கணக்கில் 24 கூட இல்லை. எந்தக் கேலன் என்று பிரசுரங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இது சிறு குறை. பெருங்குறை, மீனை நீளத்தால் அளப்பது. வடிவம் மாறாமல் ஒரு பொருளின் நீளம் இரு மடங்கானால், பரப்பு நான்கு மடங்காகும். கன அளவு எட்டு மடங்காகும். 1638-இல் கலிலியோ தம் நூலில் விளக்கிய உண்மை இது. செர்ரி பார்ப் 5 செ.மீ. வளரும், ஆஸ்கர் மீன் 30 செ.மீ. வளரும். நீளம் ஆறு மடங்கு. அப்படியானால் நிறை சுமார் 216 மடங்கு! ஆக்சிஜன் தேவை நிறைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. மீன்களில் அது நிறையின் 0.75 அல்லது 0.8 அடுக்கை ஒட்டியே ஏறுகிறது. அப்படிப் பார்த்தாலும் ஓர் ஆஸ்கர், ஐம்பது செர்ரி பார்ப்புகளுக்கு மேல் மூச்சு வாங்கும். விதியோ அதை ஆறு பார்ப்புகளுக்குச் சமம் என்கிறது.

அடுத்து, நீரைக் கன அளவால் அளப்பது. 30 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனே கரையும். என் தொட்டி முழுவதிலும் ஒரு கிராம் கூட இல்லை. ஆகவே மீன்கள் வாழ்வது கையிருப்பில் அன்று, வரவில். அந்த வரவு நீரின் மேற்பரப்பு வழியாக நடக்கிறது. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியும் 108 லிட்டர்தான். ஆனால் அதன் மேற்பரப்பு 1800 சதுர செ.மீ.; என் தொட்டியினுடையது 2700. காற்றுப் பம்பு ஓடும்போது இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. மின்சாரம் நின்ற கோடை இரவில் தெரியும். விதிக்கு இரண்டு தொட்டிகளும் ஒன்றே.

மூன்றாவதாக, இந்த விதிக்குக் காலம் என்பதே இல்லை. மீன்கள் செவுள் வழியாக அமோனியாவை வெளியிடுகின்றன. அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியிலும் சரளைக் கற்களிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரை அதே பதினெட்டு அங்குலம் ஆபத்து. அதன் பிறகு அதுவே எளிய சுமை. என் நியான்கள் முதல் வாரத்தில் இறந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

இனி அட்டவணை. இதன் அடிப்படையிலேயே ஒரு பிழை உண்டு. இணக்கம் என்பதை இரண்டு இனங்களுக்கு இடையே உள்ள நிலையான பண்பாக அது காட்டுகிறது. உண்மையில் இணக்கம் எண்ணிக்கையையும் வயதையும் இடத்தையும் நீரையும் சார்ந்தது. டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். எட்டுப் பத்தாக இருந்தால் அவை பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும். மூன்றாக விட்டால் மெதுவாக நீந்தும் அண்டை வீட்டுக்காரரின் துடுப்புதான் கண்ணில் படும். ரூபாய் நாணய அளவுள்ள ஏஞ்சல் குஞ்சுக்கு நியான் தோழன்; வளர்ந்த ஏஞ்சலுக்கு இரை. கடையில் நாம் வாங்குவது குஞ்சுகளை. அட்டவணையின் பச்சைக் கட்டமோ எந்த வயதுக்கு என்று சொல்வதில்லை.

நீரைப் பற்றியும் அட்டவணை பேசுவதில்லை. கப்பியும் மோலியும் கடின நீரை விரும்புவன. நியான் அமேசான் பகுதியின் மென்னீர் மீன். தங்கமீனுக்குக் குளிர்ந்த நீர் ஏற்றது; டிஸ்கஸுக்கு 28 பாகைக்கு மேல் வேண்டும். இவை ஒன்றையொன்று கடிக்காமல் இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கு நலமான நீர் மற்றொன்றுக்கு நாளடைவில் நோய்.

விதியிலும் அட்டவணையிலும் நன்மையே இல்லையா? உண்டு. மெலிந்த உடலும் இரண்டு அங்குலத்துக்கு உட்பட்ட நீளமும் உள்ள மீன்களுக்கு அங்குல விதி ஒரு தடுப்புச் சுவராக உதவும். ஆர்வக்கோளாறில் ஐம்பது மீன் வாங்குகிறவரை அது நிறுத்தும். சிவப்புக் கட்டமும் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. தோராயமாக இருப்பது குற்றமன்று. இயற்பியலிலும் தோராயங்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கே தனி ஊசல் சூத்திரத்தைக் கற்பிக்கும்போது ‘சிறிய வீச்சுக்கு மட்டும்’ என்று உடன் சொல்கிறோம். இங்கே எல்லையைச் சொல்லாமல் விதியை மட்டும் சொல்கிறார்கள். அதுதான் குற்றம்.

ஆகவே மீன் வாங்கும் முன் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். என் வீட்டு நீர் எத்தகையது? இந்த மீன் முழு வளர்ச்சியில் எவ்வளவு இருக்கும்? அதன் வாயில் எது நுழையும்? அது தனியாக வாழ்வதா, கூட்டமாகவா? மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் என்பவற்றுள் எங்கே உலவும்? 108 லிட்டர் தொட்டிக்கு எட்டுச் செர்ரி பார்ப், ஓர் இணை முத்து கௌராமி, தரையில் மேய ஆறு கோரிடோரஸ் என்பது நல்ல கூட்டணி. மிகக் கடினமல்லாத நீரும் 25 பாகையை ஒட்டிய வெப்பமும் இம்மூன்றுக்கும் ஒத்துவரும். வடிகட்டி ஓட வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். மீன்களைச் சில வார இடைவெளியில் பகுதி பகுதியாக விட வேண்டும். முழு வளர்ச்சியில் இவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 40 அங்குலம். விதிப்படி இது தவறு! அதே விதிப்படி ஓர் அடி நீள ஆஸ்கர் சரி!

இது பொழுதுபோக்குக்காரரின் கவலை மட்டுமன்று. ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் விரல் அளவில் விற்கப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி 40 செ.மீ. அளவுக்கு வளரும். அப்போது தொட்டி போதாது, கொல்ல மனம் வராது, ஏரியில் விட்டுவிடுகிறார்கள். இன்று தமிழகம், கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் அது பெருகி, முள்ளால் வலைகளைக் கிழித்து மீனவர்களுக்கு இழப்பை உண்டாக்குகிறது. விரல் நீளமுள்ள அந்தக் குஞ்சை வாங்கிய நாளில் அங்குலக் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும்.

மாணவ நண்பர்கள் அடுத்த முறை எந்த விதியைப் படித்தாலும், ‘இது எதுவரை செல்லும்?’ என்று கேட்டுப் பார்க்கட்டும். அந்தக் கேள்வியை நான் கேட்கத் தவறியதற்கு விலை கொடுத்தவை என் தொட்டி மீன்கள்.