ஐம்பதுக்கு மேல் ஓட்டம்: யாருடைய முட்டிக்கு?

2025 ஜூலையில் ஜலந்தர் அருகே தம் ஊர்ச் சாலையில் வாகனம் மோதி ஃபௌஜா சிங் இறந்தபோது வந்த அஞ்சலிகள் ஒரே பாட்டைத்தான் பாடின. எண்பதைத் தாண்டி ஓட்டத்தில் இறங்கியவர், 2000இல் லண்டன் மராத்தான் ஓடியவர், 2011இல் நூறு வயதில் டொரண்டோவில் ஓடியவர். ஆகவே மனசு வைத்தால் யாரும் எந்த வயதிலும் ஓடலாம். தமிழில் இதற்கு நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு. விபத்தில் காலில் அடிபட்டு, சர்க்கரை நோயோடு, ஐம்பதைக் கடந்து ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை முடித்த தமிழக அரசியல்வாதி மா. சுப்பிரமணியன் 'ஓடலாம் வாங்க' என்று புத்தகமே எழுதினார். புதுச்சேரிக்காரர்களுக்கோ வாசலிலேயே ஆரோவில் மராத்தான். 2008இல் தொடங்கிய அந்த ஓட்டத்தில் முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. ஓடுகிற மகிழ்ச்சிக்கே ஓட்டம். இந்த அழைப்பில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. 'யாரும்' என்ற சொல்தான் உறுத்துகிறது.

நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃபிரைஸ் குழு 1984 முதல் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்தது. பத்தொன்பது ஆண்டுகளில் ஓடாதவர்களில் 34 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். ஓடியவர்களில் 15 விழுக்காட்டினரே. பலர் பயந்ததுபோல் ஓடியவர்களின் முட்டியும் கூடுதலாகத் தேயவில்லை. லண்டனில் முதன்முறையாக மராத்தானுக்குத் தயாரான 138 பேரை ஆராய்ந்ததில், சில மாதப் பயிற்சியிலேயே இரத்தக்குழாய் நான்கு வயது இளமையானதற்கு ஒப்பான மாற்றம் தெரிந்தது. அதற்குப் பரிந்துரைத்த பயிற்சியும் வாரத்துக்குப் பத்து முதல் இருபது கிலோமீட்டர்தான். நல்லது. ஆனால் இந்த உடம்புகள் யாருடையவை? ஃபிரைஸ் எடுத்துக்கொண்டவர்கள் ஏற்கெனவே ஓட்டச் சங்கத்தில் உறுப்பினர்களாக இருந்தவர்கள். ஓட முடியாமல் போனவர் அந்தச் சங்கத்தில் எப்படி இருப்பார்? லண்டன்காரர்களின் சராசரி வயது முப்பத்தேழு. ஓடி நிலைத்தவர்களிடம் கண்டதை ஐம்பத்தைந்தில் முதல் அடி வைப்பவருக்கு அப்படியே வாக்குறுதியாக நீட்டுவது சான்றுக்கு மேல் பேசுவது. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண் பழக மாதக்கணக்காகும். மூச்சு வாங்காததை நம்பி தூரத்தைக் கூட்டுகிறவரின் குதிகால் தசைநாண்தான் முதலில் முறையிடும்.

இதைவிடப் பெரிய இடைவெளி பாகூரில் தெரியும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய ஊர் அது. அந்த நெல்லுக்குப் பின்னால் பதினைந்து வயதில் நடவில் இறங்கி, சேற்றில் குனிந்தே நாற்பது ஆண்டுகள் கழித்த பெண்கள் இருக்கிறார்கள். குனிந்து, குத்துக்காலிட்டு, சுமை தூக்கிச் செய்யும் வேலைக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் உள்ள தொடர்பு மருத்துவம் நன்கறிந்தது. தேயாத முட்டி ஓட்டத்தால் தேயவில்லை என்று ஆய்வு சொல்கிறது. ஏற்கெனவே தேய்ந்த முட்டியோடு முதல் முறையாக ஓட வருபவரைப் பற்றி அது கேட்கவே இல்லை. வயதான பின் ஓடும் இந்தப் பழக்கம், முப்பது ஆண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த உடம்பை மனத்தில் வைத்துப் பிறந்தது. வில்லியனூரில் ஓய்வூதியம் வாங்கும் குமாஸ்தாவுக்கு அது பொருந்தலாம். அவர் வீட்டுக்கு அரிசி தந்த வயலில் நின்றவளுக்கு அதையே சொல்லி, அவள் வராவிட்டால் மனசில்லை என்பது அநியாயம்.

அவள்தான் தினமும் உழைக்கிறாளே, அவளுக்கு எதற்கு உடற்பயிற்சி என்று ஒரு பதில் உடனே வரும். அதுவும் தவறு. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, ஓய்வு நேர அசைவு இதயநோயைக் குறைப்பதையும் வேலைத்தள உடலுழைப்பு அப்படிக் குறைக்காமல் ஆபத்தைக் கூட்டுவதையும் காட்டியது. ஓட்டக்காரர் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மறுநாள் படுத்திருக்கலாம். உடம்பு தேறுவது அந்த இடைவெளியில்தான். நடவாளுக்கு அந்த மறுநாள் இல்லை. இன்னொரு பதில், மெதுவாகத் தொடங்கட்டும், நடையும் ஓட்டமுமாகப் போகட்டும் என்பது. நியாயமான யோசனைதான், அப்படியானால் தூரம் எதற்கு, இருபத்தொன்று நாற்பத்திரண்டு என்ற எண்கள் எதற்கு? பரிசில்லாத ஆரோவில்லிலும் கிலோமீட்டர் இருக்கிறது. மனிதர் எண்ணத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. அவளுடைய முட்டிவலிக்கு நிரூபணமான உதவியோ தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவதற்கு ஷூ வேண்டாம், விடியற்காலையில் லாரி ஓடும் சாலையில் இறங்கவும் வேண்டாம். பாகூரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முட்டிவலியோடு வருகிறவளுக்கு மாத்திரைச் சீட்டோடு அதைப் பத்து நிமிடம் செய்து காட்டினால் போதும். அதற்குப் பதக்கமும் இல்லை, புகைப்படமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் அதைப் பற்றிப் புத்தகம் எழுதுவதில்லை.