தண்டு தாங்கும் தோள், தலைக்குமேல் கூப்பும் கை

கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணியையொட்டித் திருவண்ணாமலைக் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்கள் மட்டுமே வெளியே வருகிறார். அவரைத் தோளில் ஏந்தியவர்கள் ஆடியபடி வருகிறார்கள். 2,668 அடி உயர மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் ‘அரோகரா’ என்று எல்லோர் கைகளும் தலைக்குமேல் குவிகின்றன. சுமப்பது, உயர்த்துவது: தோள்பட்டை எலும்பின் இரண்டு வேலைகளும் ஒரே நொடியில் கண்முன் நடக்கின்றன. இந்த எலும்பு எதற்காக அமைந்தது?

‘தோள் கொடுத்தான்’ என்கிறோம். வைணவக் கோயில்களில் ஒருவகைப் பல்லக்குக்குத் ‘தோளுக்கினியான்’ என்றே பெயர். மொழி சுமையின் பக்கம் பேசுகிறது. உடற்கூறு வேறு சொல்கிறது.

இடுப்பெலும்பு முதுகெலும்போடு இறுகப் பிணைந்து உடற்பாரத்தைக் கால்களுக்கு இறக்குகிறது. தோள்பட்டை எலும்புக்கு அந்தப் பிணைப்பு கிடையாது. இரண்டாம் விலாவிலிருந்து ஏழாம் விலாவரை முதுகில் படிந்த முக்கோணத் தகடு இது. நடுப்பகுதி ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. 17 தசைகள் இதைப் பற்றியிருக்கின்றன. உடலின் நடுக்கூட்டோடு எலும்புவழி உறவென்றால் காறை எலும்பு ஒன்றுதான்.

இந்தத் தளர்வுதான் இதன் வலிமை. கை மேலேறும் 180 பாகையில் ஏறத்தாழ 60 பாகை இந்தத் தகடு சுழல்வதால் கிடைக்கிறது. 1944இல் இன்மேன் என்ற ஆய்வாளரின் குழுவினர் தந்த, தோள்மூட்டுக்கு இரண்டு பங்கு, தகட்டுக்கு ஒரு பங்கு என்ற கணக்கு எல்லாக் கோணத்துக்கும் பொருந்தாது எனப் பின்வந்த அளவீடுகள் காட்டின. ஆனால் தகடு சுழலாமல் கை முழுதாக உயராது என்பதை எவரும் மறுக்கவில்லை.

சாமி தூக்குகிறவர்கள் மணிக்கணக்கில் சுமக்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே காறை எலும்பு ஓரளவு தாங்குகிறது. பெரும்பாடு படுவது பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கும் டிரப்பீசியஸ் தசை. அது ஓயாமல் இழுத்துப் பிடிப்பதால்தான் தோள் சரியாமல் நிற்கிறது. அழுத்தம் நீண்டால் கழுத்தோர நரம்புகள் நசுங்கலாம். தகட்டை விலாக்கூட்டோடு அணைத்துப் பிடிக்கும் செரேட்டஸ் தசைக்குப் போகும் நரம்பு கெட்டால் தகடு சிறகுபோல் முதுகில் புடைக்கும். கையை முழுதாகத் தூக்க வராது. சாமியைச் சுமந்தவரால் சாமிக்குக் கைதூக்க முடியாத நிலை அது.

என் தீர்ப்பு: தோள்பட்டை எலும்பு கையை உயர்த்தப் பிறந்தது, சுமப்பது தசையிடம் வாங்கிய கடன். விழா நடத்துவோரே, தண்டில் தடித்த துணி சுற்றுங்கள். தோள் மாற்ற நேரம் கொடுங்கள். மாற்று ஆட்களை அருகிலேயே நிறுத்துங்கள்.